குளிசைக்கு என்ன பத்தியம்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் புது மருந்தோடு வீட்டுக்கு வந்தால், அம்மா கேட்கும் முதற் கேள்வி "பத்தியம் ஏதும் சொன்னவையோ?" என்பதுதான். பதில் வருமுன்னரே பட்டியல் தயாராகிவிடும். கத்தரிக்காய் கிரந்தி. நண்டும் இறாலும் கிரந்தி. கணவாய் தொடவே கூடாது. அன்னாசி சூடு. பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகருக்குள் போனால் இந்தப் பட்டியல் பெரிய தொல்லை. சுற்றிவரக் கடல், கறிச்சட்டிக்குள் பாதி நாள் விழுவதே நண்டும் இறாலும் கணவாயுந்தான். இவற்றை விலக்கினால் மிஞ்சுவது சோறும் முருங்கையிலை வறையும்.

எச்.ஐ.வி தொற்றுக்கு மருந்து எடுப்பவர்களின் மனத்திலும் இதே கேள்வி உண்டு. வாய்விட்டுக் கேட்கத்தான் பலருக்குத் தயக்கம். பத்தியம் என்று வீட்டில் சொன்னால் "எதுக்குப் பத்தியம்?" என்று அடுத்த கேள்வி வருமே! ஆகவே அவர்களுக்காக நாம் கேட்டுப் பார்ப்போம்.

நண்டு சாப்பிடலாம். ஒவ்வாமை இல்லாதவருக்குக் கத்தரிக்காயாலும் கணவாயாலும் அந்தக் குளிசைக்கு ஒரு கெடுதலும் இல்லை. என்றாலும் ஒரு பத்தியம் இருக்கிறது. அது என்னவென்று விளங்கிக்கொள்ள, விலக்கச் சொன்ன அந்த நண்டின் கொடுக்கையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஒரு குளிசை, மூன்று மருந்து

1986இல் சென்னையில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு இலங்கையர் ஒருவரிடமும் முதன்முதலாகத் தொற்று பதிவாயிற்று. எச்.ஐ.விக்கென முதலில் அனுமதி பெற்ற மருந்தும் அதே 1987இல்தான் அமெரிக்காவில் வந்தது. அதை நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நடுச்சாமத்திலும் எழும்பி விழுங்க வேண்டியிருந்தது. 1990களில் வந்த இண்டினாவிர் எட்டு மணித்தியாலத்துக்கொரு தடவை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது. சிறுநீரகத்தில் கல் வராமலிருக்க நாளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது குடிக்கவேண்டும் என்ற கட்டளையும் கூடவே வந்தது. பத்தியம் என்றால் அதுதான் பத்தியம்.

இன்று நிலைமை வேறு. 2004 முதல் இலங்கை அரச வைத்தியசாலைகள் இந்த மருந்துகளை இலவசமாகக் கொடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் முதல் தெரிவாக உறுதிசெய்த கூட்டு மருந்து நாளுக்கு ஒரே ஒரு குளிசை. அதற்குள் டெனோபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300 மில்லிகிராம், டொலுடெகிராவிர் 50 மில்லிகிராம் என்று மூன்று மருந்துகள் இருக்கின்றன.

வைரசு நம் நோயெதிர்ப்புக் கலத்துக்குள் நுழைந்ததும் இரண்டு வேலை பார்க்கிறது. முதலில் தன் ஆர்.என்.ஏ எழுத்தை டி.என்.ஏ எழுத்தாகப் பெயர்க்கிறது. பிறகு அந்த டி.என்.ஏயை நம் கலத்தின் டி.என்.ஏக்குள் வெட்டி ஒட்டுகிறது. ஒட்டிவிட்டால் அது நம் உடலின் பாகம்போல் ஆகி, அந்தக் கலம் வாழும் வரை அங்கேயே கிடக்கும். டெனோபோவிரும் லமிவுடினும் முதல் வேலையைக் குழப்புகின்றன. டொலுடெகிராவிர் இரண்டாவதைத் தடுக்கிறது.

அது தடுக்கும் விதம் விசித்திரமானது. வெட்டி ஒட்டும் நொதியமாகிய இன்டக்ரேசின் நடுவில் இரண்டு மக்னீசிய அயன்கள் இருக்கின்றன. கத்தரிக்கோலுக்கு நடு ஆணி எப்படியோ, அந்த நொதியத்துக்கு அவை அப்படி. டொலுடெகிராவிர் மூலக்கூறின் ஓர் ஓரத்தில் மூன்று ஒட்சிசன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவை இரண்டு மக்னீசியத்தையும் நண்டுபோல் கவ்விக்கொள்கின்றன. பிறகு கத்தரிக்கோல் அசையாது. இந்தக் கவ்வலுக்கு இரசாயனத்தில் கொடுக்கிணைப்பு என்று பெயர். ஆங்கிலத்திலும் இதற்கு வழங்கும் சொல் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

கொடுக்குக்குக் கண் இல்லை

சிக்கல் இங்கேதான். கொடுக்குக்கு எது வைரசின் மக்னீசியம், எது வயிற்றுக்குள் கிடக்கும் மக்னீசியம் என்று தெரியாது. குளிசை இறங்கும் நேரத்தில் குடலில் மக்னீசியமோ அலுமினியமோ கல்சியமோ இரும்போ நாகமோ நிறைய இருந்தால், அது அவற்றையே கவ்விக்கொண்டு மலத்தோடு போய்விடும். இரத்தத்துக்குள் சேரவேண்டிய மருந்து சேராது.

எவ்வளவு குறையும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 1200 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றோடு சேர்த்து எடுத்தபோது இரத்தத்தில் டொலுடெகிராவிர் 39 சதவீதம் குறைந்தது. இரும்புக் குளிசையோடு எடுத்தபோது 54 சதவீதம். வயிற்றெரிவுக்குக் குடிக்கும், அலுமினியமும் மக்னீசியமும் கலந்த வெள்ளைப் பாணியோடு எடுத்தபோது 74 சதவீதம். அதாவது நாலில் மூன்று பங்கு வீண். நாலு நாள் இப்படி எடுத்தவர் ஒரு நாள் மருந்து எடுத்தவருக்குச் சமம். குளிசைப் போத்தலோ ஒழுங்காகக் குறைந்துகொண்டு போகும்.

அதே ஆய்வுகள் தீர்வையும் காட்டின. கல்சியத்தையும் இரும்பையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தபோது மருந்தின் அளவு குறையவில்லை. அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி டொலுடெகிராவிரை எடுத்தபோதும் குறையவில்லை. இதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய விதி: கல்சியம், இரும்பு, பல்விற்றமின் குளிசைகளை எடுப்பதற்கு 2 மணித்தியாலத்துக்கு முன் அல்லது எடுத்து 6 மணித்தியாலத்துக்குப் பின் எச்.ஐ.வி குளிசையை விழுங்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டையும் ஒரு நேரச் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். வயிற்றெரிவுப் பாணிக்கு இந்தச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. 2 முன், 6 பின் மட்டுமே. அடிக்கடி வயிறு எரிபவர்கள் வைத்தியரிடம் சொன்னால் ஒமெப்ரசோல் போன்ற வேறு மருந்து தருவார். அது டொலுடெகிராவிரைக் கெடுக்காது.

அப்படியென்றால் குரக்கன் புட்டு? 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. நெத்தலி, முருங்கையிலை, தயிர் எல்லாவற்றிலும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. கல்சியக் குளிசையையே சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து குறையவில்லை என்றால், சாப்பாட்டுக்குள்ளேயே கிடக்கும் கல்சியம் என்ன செய்துவிடும்? தீவுப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் கல்சியந்தான். அதுவும் ஒரு தம்ளரில் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் போகாது. பால்தேத்தண்ணியோடு குளிசை விழுங்கியவரும் குற்றம் செய்யவில்லை. கவனம் வேண்டியது கறிச்சட்டியில் இல்லை, மருந்துத் தட்டில்.

அந்தத் தட்டில் இன்னும் யார் யார்?

முதலில் கர்ப்பிணித் தாய்மாரின் குளிசைகள். எச்.ஐ.வி, சிபிலிசு ஆகிய இரண்டும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடென்று 2019இல் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. ஊரூராகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரும், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அது நடந்திருக்காது. அதே கர்ப்பிணி கிளினிக்கில்தான் இரும்புக் குளிசையும் கல்சியக் குளிசையும் கொடுக்கிறார்கள். இரண்டும் தாய்க்கு அவசியம், எதையும் நிறுத்தக்கூடாது. நேரத்தைப் பிரித்தால் போதும். காலைச் சாப்பாட்டோடு கல்சியம், மத்தியானச் சோற்றோடு இரும்பு, இரவு ஒன்பது மணிக்கு எச்.ஐ.வி குளிசை என்று வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று முட்டாது. இரும்பு எடுத்த கையோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு துண்டு தேசிக்காயைச் சோற்றில் பிழிந்துவிட்டால் இரும்பும் நன்றாகச் சேரும்.

இரண்டாவது நம் சித்த மருந்துகள். கைதடியில் அரச சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது; ஊர்களில் பரம்பரை வைத்தியர்கள் இருக்கிறார்கள். அயச்செந்தூரம் இரும்பு. சங்குப் பற்பம் கல்சியம். படிகாரப் பற்பத்தில் அலுமினியம். பெயர் தமிழென்பதால் கொடுக்கு விட்டுவைக்காது. எடுப்பவர்கள் அதே 2 முன், 6 பின் விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டு வைத்தியர்களுக்கும் உள்ளதைச் சொல்லவும் வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியமே. அளவு சிறிதாக இருக்கலாம், ஆனால் வெற்றிலையை விடச் சொல்ல அதைவிடப் பெரிய காரணம் உண்டு. பாக்கு வாய்ப்புற்றுநோயைத் தரும்.

மூன்றாவது மற்ற நோய்களுக்கான மருந்துகள். சலரோகத்துக்கு எடுக்கும் மெற்போமின் உடலைவிட்டு வெளியேறுவதை டொலுடெகிராவிர் தாமதப்படுத்துகிறது. அதனால் மெற்போமினை நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குள் மட்டுப்படுத்துவது வழக்கம். காசநோய்க்கான ரிபாம்பிசின் எதிர்மாறு. அது டொலுடெகிராவிரை வேகமாக அழித்துவிடும்; ஆகவே அந்தக் காலத்தில் டொலுடெகிராவிரை நாளுக்கு இரண்டு வேளை கொடுப்பார்கள். வலிப்புக்கான கார்பமசெப்பினும் அப்படித்தான். இவை நோயாளி தானாகத் திருத்தும் கணக்குகள் அல்ல. அவர் செய்யவேண்டியது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோவதுதான்.

பழைய மருந்தான எபாவிரென்சில் இருப்பவருக்குப் பத்தியமும் வேறு. படுக்கைக்குப் போகும்போது வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். இரவு கொத்துரொட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டு அதை விழுங்கினால், எண்ணெயோடு மருந்து கூடுதலாக உறிஞ்சப்பட்டு, தலைச்சுற்றும் விசித்திரக் கனவுகளும் வரும். ஆகவே பக்கத்து வீட்டாரின் பத்தியம் நமக்குப் பொருந்தாது. குளிசையின் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மெலிவிலிருந்து பருமனுக்கு

1985இல் உகண்டாவில் இந்த நோயை மக்கள் மெலிவு நோய் என்றே அழைத்தார்கள். நம் ஊரிலும் ஒருவர் திடீரென்று மெலிந்தால் கண்கள் திரும்பும். அதனால் "நல்லாச் சாப்பிடு, உடம்பைத் தேற்று" என்பதே நீண்டகாலம் முதல் அறிவுரையாக இருந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. தொற்று இருந்தும் நோய்க்குறி இல்லாதவருக்கு ஏறத்தாழ 10 சதவீதமும், நோய்க்குறி உள்ளவருக்கு 20 முதல் 30 சதவீதமும் கூடுதல் சக்தி தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு ஆலோசனைக் குழு சொன்னது.

மருந்தால் வைரசு அடங்கியவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. டொலுடெகிராவிர் எடுப்பவர்களில் கணிசமானோருக்கு எடை கூடுகிறது. தென்னாபிரிக்காவில் நடந்த அட்வான்ஸ் ஆய்வில் பெண்களிடம் இது அதிகமாகத் தெரிந்தது. எடை கூடாமல் பார்க்கத்தான் நம் பழைய சமையல் கைகொடுக்கிறது. சிவப்பரிசிச் சோறு கொஞ்சம் குறைவாகவும், பருப்பும் கீரையும் மீனும் கூடுதலாகவும் இருக்கும் ஒரு தட்டு. பாணுக்குப் பதில் குரக்கன் புட்டு. நார் நிறைந்த ஒடியல் மாவில் காய்ச்சிய கூழ், அதற்குள் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மீனும். தனியாக எச்.ஐ.வி உணவு என்று கடையில் வாங்க ஒன்றுமில்லை. குறைக்க வேண்டியவை மென்பானம், மிக்சர், பொரித்த வடை, தேத்தண்ணிக்குள் போடும் மூன்றாவது கரண்டிச் சீனி.

சிறுநீரகமும் எலும்பும்

டெனோபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிலருக்குச் சிறுநீரகத்தை நோகடிக்கும். எலும்பின் அடர்த்தியும் முதல் ஓரிரு ஆண்டுகளில் சற்றுக் குறைந்து பிறகு நிலைப்படும். தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் தேடி அலையவேண்டிய நாட்கள் உண்டு. உவர் ஏறிய கிணறுகள் கனக்க. வெய்யிலில் வலை இழுப்பவரும் தோட்டம் கொத்துபவரும் நாவரட்சியை அடக்கிக்கொண்டு வேலை செய்யக்கூடாது. அதைவிட முக்கியமானது, நாரிப்பிடிப்புக்குக் கடையில் வாங்கிப் போடும் டைகுளோபெனாக் போன்ற நோக்குளிசைகள். அவை டெனோபோவிரோடு சேரும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்துக் கூடும். உடம்பு நோவுக்குப் பரசிற்றமோல் போதும்.

இங்கே ஒரு சிறு ஆறுதலும் சொல்ல வேண்டும். டொலுடெகிராவிர் தொடங்கியதும் இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் சற்றுக் கூடிக் காட்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பலர் பதறுவார்கள். உண்மையில் அந்த மருந்து கிரியற்றினின் வெளியேறும் ஒரு சிறு வாசலை மட்டும் மறிக்கிறது. வடிகட்டி நன்றாகவே இருக்கும். எண் கூடிக்கொண்டே போனால்தான் வைத்தியர் யோசிப்பார்.

எலும்புக்கு நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதும், காலை வெய்யிலில் நடப்பதும் நல்லது. கசூரினா கடற்கரை சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமென்று யாரும் எழுதிவைக்கவில்லை.

வைரசு அடங்கினாலும் இதயம்

எச்.ஐ.வி உடலுக்குள் நுழைந்த தொடக்க நாட்களிலேயே குடற்சுவரின் காவற்கலங்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. மருந்து வைரசை அடக்கிய பிறகும் அந்தச் சுவர் முழுதாகச் சீராவதில்லை. குடலிலுள்ள கிருமிகளின் துணுக்குகள் இரத்தத்துக்குள் கசிந்து, உடம்பு எப்போதும் மெல்லிய ஓர் அழற்சியில் இருக்கிறது. அந்த அழற்சி இரத்தக் குழாய்களை முதுமையாக்குகிறது. எச்.ஐ.வியோடு வாழ்பவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியா உட்பட 12 நாடுகளில் 7769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வு, பிற்றவஸ்ரற்றின் என்ற கொழுப்புக் குளிசை இந்த ஆபத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2023இல் காட்டியது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் அதைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

குளிசைக்கு முன்னே கையில் இருக்கும் வழி புகையை விடுவது. டென்மார்க்கில் 2013இல் வெளியான ஒரு கணக்குப்படி, சிகிச்சை பெறும் ஒருவர் எச்.ஐ.வியால் இழக்கும் ஆயுள் 5.1 ஆண்டு, சிகரெட்டால் இழப்பது 12.3 ஆண்டு. யாழ்ப்பாணச் சுருட்டு அதற்கு விதிவிலக்காகாது. கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமைப்பதும், வாரத்தில் சில நாள் சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள மீனைப் பொரிக்காமல் குழம்பு வைப்பதும் இதயத்துக்குச் செய்யும் சிறு உபகாரங்கள். கள்ளு குளிசையைக் கவ்விக்கொள்வதில்லை. ஆனால் கள்ளுக்குப் பிறகு குளிசை ஞாபகம் வருவதில்லை.

முட்டைக்கோப்பி கொஞ்ச நாள் பொறுக்கட்டும்

நோய் தெரியவந்த புதிதில் சி.டி4 என்னும் காவற்கலங்கள் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 200க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அந்த நாட்களில் ஓர் உண்மையான சமையற் பத்தியம் உண்டு. வருத்தக்காரருக்குத் தெம்பு தருமென்று வீட்டில் அன்போடு அடித்துக் கொடுக்கும் முட்டைக்கோப்பியில் முட்டை முழுதாக வேகுவதில்லை. சல்மொனெல்லா கிருமி அதற்குள் உயிரோடு இருக்கலாம். அவித்த முட்டை கொடுத்தால் அதே தெம்பு. காய்ச்சாத பால், அரைவேக்காட்டு நண்டு, நேற்றைய கூழைச் சூடாக்காமல் குடிப்பது எல்லாவற்றையும் அப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடிக்க வேண்டும். காவற்கலங்கள் மீண்டபின் மற்றவர்களைப்போலவே சுத்தம் பார்த்தால் போதும்.

மணிக்கூட்டுப் பத்தியம்

டொலுடெகிராவிர் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 14 மணித்தியாலம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு குளிசை போதுமானதற்கு அதுவே காரணம். நாட்கணக்கில் விட்டால் வைரசு மீண்டும் தலைதூக்குவதற்கும் அதுவே காரணம். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளைக்கு நாலு மணித்தியாலத்துக்குள் இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கக்கூடாது.

கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர் கவலைப்படத் தேவையில்லை. டொலுடெகிராவிர் உள்ள குளிசைக்குச் சாப்பாடு கட்டாயமில்லை, ஒரு மிடறு தண்ணீர் போதும். இரும்போ கல்சியமோ எடுப்பவர் மட்டும் அந்த நாட்களில் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றுக்குச் சலுகை இல்லையே. நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கத்தவர்கள் கடல் கொந்தளித்துப் படகு நிற்கும் நாட்களையும் கணக்கில் எடுத்து, போத்தல் அடி தெரியுமுன்னரே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.

இந்த மணிக்கூட்டுப் பத்தியத்தைக் காத்தவருக்குக் கிடைப்பது சிறிய பலன் அல்ல. சென்னை, புனே உட்படப் பல நகரங்களில் நடந்த எச்.பி.டி.என் 052 ஆய்வு, காலத்தோடு தொடங்கிய சிகிச்சை துணைவருக்குத் தொற்றுவதை 96 சதவீதம் குறைத்ததை 2011இல் காட்டியது. பின்வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லின: இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவாலும் அது மற்றவருக்குத் தொற்றாது. கோப்பையாலும் தட்டாலும் ஒரு காலத்திலும் தொற்றியதே இல்லை.

பழைய பத்தியத்தில் வருத்தக்காரருக்குச் சட்டி வேறு, கோப்பை வேறு. இந்தப் பத்தியத்தில் அது கிடையாது. காரைநகரில் ஒரு பின்னேரம் முற்றத்தில் பெரிய பானையில் ஒடியற் கூழ் கொதிக்கிறது. நண்டும் இறாலும் அதற்குள் கிடக்கின்றன. எல்லாருக்கும் ஊற்றுகிற அதே பானையிலிருந்து, எல்லாரும் பிடிக்கிற அதே பனையோலைப் பிளாவில், அவரும் குடிக்கலாம். ஒன்பது மணிக்கு மட்டும் எழும்பிப் போய் ஒரு குளிசையை விழுங்கிவிட்டு வந்து உட்கார வேண்டும்.